காதைத் தொட்ட வயது

என் வயதை முதன்முதலில் அளந்தவர் ஒரு தலைமையாசிரியர். அளந்த கருவி என் வலது கை. கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று பொருள். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. கொல்லிமலையில் அப்போது என்னையொத்த பிள்ளைகள் பலருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கை இருந்தது, காது இருந்தது. அது போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது நான்கு வயதுதான். பள்ளியில் சேர வந்தவளே நான் இல்லை; அக்கா. அது விடுதியோடு கூடிய பள்ளி. தனியாக இருக்க மாட்டேன் என்று அக்கா பள்ளிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் நின்றிருந்த என்னைக் காட்டி, "பாப்பாவும் இருந்தா நானும் இருக்கறேன்" என்றாள். அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. காட்டில் களை வெட்டு நேரம். இரண்டு பிள்ளைகளும் ஒரே இடத்தில் சோறு தின்றால் அம்மாவும் வேலைக்கு இறங்கலாம்.

தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, இது இன்னும் பால்குடி மறக்காத புள்ளையாட்டம் இருக்குதே."

"இல்லீங்க சார், ஆளுதான் குட்டை. வயசு ஆச்சுங்க" என்றார் அப்பா.

"சரி, கையத் தூக்கச் சொல்லு."

தூக்கினேன். விரல் உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அப்பா என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார். அப்போதும் எட்டவில்லை. அக்கா எழுந்து வந்து பின்னால் நின்று, என் முழங்கையைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினாள். நடுவிரல் காதுமடலில் பட்டது. தலைமையாசிரியர் அந்த நேரம் பார்த்து, மழை வருகிறதா என்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையக் கூடாது.

எனக்கு ஐந்தரை வயது என்று எழுதினார். உண்மையில் ஐந்தரை வயது அக்காவுக்கு. இரண்டு பேருக்கும் ஐந்தரை என்றால் இரட்டைப் பிள்ளை என்றாகிவிடும். அதனால் அக்காவை ஆறரை ஆக்கினார். எனக்கு ஒன்றரை வருஷம் கூடியது, அக்காவுக்கு ஒரு வருஷம். மழை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இப்போது நான் கேலக்ஸிகளுக்கு வயது பார்க்கிறேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. முதுகலை இயற்பியல் முடித்த கையோடு என் பேராசிரியையின் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தேன். கல்லூரி விடுதியைக் காலி செய்யச் சொன்னதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மலைக்கே வந்துவிட்டேன். வீட்டில் சிக்னல் நிற்காது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே நிற்கும். பெரிய கோப்புகளைச் செம்மேட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து இறக்கிக்கொள்வேன். பேராசிரியையிடம் பேசப் பாறைக்கு ஏறுவேன். கணக்குப் போட வீட்டுக்கு வருவேன். "நட்சத்திரத்துக்கே சோசியம் பாக்கறயாக்கும்?" என்று போனில் அக்கா கேலி செய்வாள்.

சோசியம் இல்லை. கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். அப்படி நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தால் அது ஒரு கொத்து. நாங்கள் ஆராய்வது அப்படி ஒரு கொத்தை. அதிலுள்ள கேலக்ஸிகளின் ஒளியை எங்கோ ஒரு பெரிய தொலைநோக்கியில் வாங்கி, வானவில்லாகப் பிரித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அந்த வானவில்லில் ஆங்காங்கே கருங்கோடுகள் விழுந்திருக்கும். இது ஹைட்ரஜன், இது மெக்னீசியம், இவை இரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. கோட்டின் ஆழத்தை அளந்து, அந்தக் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் எப்போது பிறந்தன, எதனால் ஆனவை என்று சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பழைய தொல்லை இருக்கிறது. வயதான நட்சத்திரக் கூட்டம் சிவந்திருக்கும். நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துப்போகும், மிச்சமிருப்பது சிவப்பு. ஆனால் உலோகம் நிறைய உள்ள கூட்டமும் சிவந்துதான் இருக்கும், வயது குறைவாக இருந்தாலும். எங்களுக்கு ஹீலியத்தைத் தாண்டிய எல்லாமே உலோகம், ஆக்ஸிஜன் உட்பட. வேதியியல் படித்தவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆக, நிறத்தை மட்டும் பார்த்தால் அது கிழடா, ஊட்டம் பெற்ற இளசா என்று சொல்ல முடியாது. இதை வகுப்பில் முதல்முறை கேட்டபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கை நீளமும் அப்படித்தானே? வயதாலும் எட்டும், ஊட்டத்தாலும் எட்டும், பின்னால் நின்று அக்கா அமுக்கினாலும் எட்டும்.

தொல்லைக்கு வழி, இரண்டு கோடுகளைச் சேர்த்துப் பார்ப்பது. ஹைட்ரஜன் கோடு வயதை அதிகம் காட்டிக்கொடுக்கும், இரும்பும் மெக்னீசியமும் உலோக அளவைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றைக் கிடைமட்டத்திலும் மற்றதைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் சாய்ந்த மீன்வலைபோல ஒரு படம் வரும். கேலக்ஸி வலையின் எந்தக் கண்ணில் விழுகிறதோ அதுதான் அதன் வயது, அதன் உலோகம். அதிலும் ஒரு சங்கடம். கிழடுகள் விழும் அடிப்பக்கம் போகப் போக வலையின் கண்கள் நெருங்கிவிடும். எண்ணூறு கோடி வயதும் ஆயிரம் கோடி வயதும் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதுமையில் எல்லாம் ஒரே முகம்.

நான் வேகமாக வேலை செய்கிறவள். பேராசிரியை ஒரு மாதம் ஆகும் என்று கொடுத்ததைப் பதினைந்தே நாளில் முடித்து அடுத்தது என்ன என்று கேட்பேன். அப்படித்தான் அந்தச் சின்னக் கேலக்ஸிகள் கிடைத்தன. கொத்தின் நடுவில் இருப்பவை எல்லாம் பெரிய கிழடுகள். விளிம்பில் ஒரு கைப்பிடி மட்டும் வலையின் மேல்பக்கம், இளசுகளின் கண்ணில் விழுந்தன. வெளியிலிருந்து கொத்துக்குள் விழுகிற கேலக்ஸியின் வாயுவை, கொத்திலிருக்கும் சூடான வாயு உரித்தெடுத்துவிடும். அதன்பிறகு அங்கே புது நட்சத்திரம் பிறக்காது. இவை இப்போதுதான் உரிபட்டவை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒளி மங்கல். இன்னும் பெரிய தொலைநோக்கியில், இன்னும் நெடுநேரம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பாறையில் உட்கார்ந்திருந்தபோது பேராசிரியை அழைத்தார்.

"சந்தோஷமான விஷயம்மா. வெளிநாட்டு வானாய்வகம் ஒண்ணு இளம் ஆய்வாளர்களைக் கூப்பிடுது. ஒரு வருஷம். செலவெல்லாம் அவங்களுது. உன் கேலக்ஸியை நீயே தொலைநோக்கியில பார்க்கலாம். நான் உன்னைத்தான் சொல்லியிருக்கேன்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றால் சிக்னல் போய்விடும். குத்துக்காலிட்டபடியே, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றேன்.

"கடைசி நாளன்னைக்கு இருபத்தாறு முடிஞ்சிருக்கக் கூடாது. உனக்கு இருபத்தஞ்சுதானே?"

"ஆமாங்க மேடம்."

அது பொய்யில்லை. எனக்கு எப்போதுமே இரண்டு வயது: வீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவதில்லை, அதனால் இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன. நம் நாட்டில் எங்கள் மலைப்பிள்ளைகளுக்கு வயதில் சலுகை உண்டு. அதனாலும் இதுவரை இடித்ததில்லை. பாறையிலிருந்து இறங்கி வரும்போதுதான் உறைத்தது. சான்றிதழ்படி எனக்கு இருபத்தாறு எப்போதோ முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டிலும் அதே தேதிதான்.

மறுநாள் செம்மேட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்காரர் என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இந்த மலையில பாதிப்பேருக்கு ஜூன் மாசந்தான் பொறந்தநாளு. மத்த மாசத்துல யாருமே புள்ள பெத்துக்கறதில்லையாக்கும்?"

"சார், எனக்கு அவசரமுங்க."

"என்ன படிச்சிருக்க?"

சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பக்கத்து மேசையைப் பார்த்து, "கேட்டீங்களா? நட்சத்திரத்துக்கெல்லாம் வயசு சொல்லுதாம், சொந்த வயசுக்கு நம்மகிட்ட வந்து நிக்குது" என்றார். பக்கத்து மேசையும் சிரித்தது. எனக்கும் கூடச் சிரிக்க வேண்டியிருந்தது. வேலை ஆக வேண்டுமே.

பிறகு அவர் ஒழுங்காகத்தான் பேசினார். பள்ளிச் சான்றிதழில் தேதியைத் திருத்த ஆதாரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் எளிது. வீட்டில் பிறந்தவளுக்கு டாக்டர் எலும்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "அதுவும் இல்லீன்னா கூடப்பொறந்தவங்க யாருக்காச்சும் ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கோணும். அத வெச்சு, இவளுக்கும் அவளுக்கும் இத்தன மாசம் வித்தியாசம்னு தாய் தகப்பன் எழுதிக் குடுத்தா மேல அனுப்பலாம்."

முதலில் எலும்புக்குப் போனேன். நகரத்து மருத்துவர் என் தோள், மணிக்கட்டு, கழுத்தெலும்பு எல்லாவற்றையும் படமெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வளர்ற வயசுன்னா சுளுவா சொல்லிருவேன். உனக்கு எல்லா மூட்டும் சேர்ந்துருச்சு. இதுக்கு மேல இருபத்தஞ்சும் ஒண்ணுதான், இருபத்தேழும் ஒண்ணுதான்" என்றார். எனக்கு வலையின் அடிப்பக்கம் ஞாபகம் வந்தது. நெருங்கிப்போன கண்கள். நானும் அங்கே போய் விழுந்துவிட்டேன், இருபத்தைந்து வயதில்.

இனி மிச்சமிருந்தது மூன்றாவது வழி. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்தேன். அம்மா கூடத்தில் குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அக்காவுக்கும் எத்தனை மாதம் என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை.

"பதினேழு மாசம். மூத்தவளுக்கு ஒத்தப்படை மாசம் பாத்துக் காது குத்துனோம். மாமன் மடியில உக்கார வெச்சிருக்குது, இந்தப் பக்கம் எனக்கு வலி வந்துருச்சு. கறி ஆக்கி எறக்கறதுக்குள்ள நீ வந்து விழுந்துட்ட. வந்த சனமெல்லாம் ஒரே செலவுல ரெண்டு விசேசம் பாத்துட்டுப் போச்சு."

"அக்கா எங்கம்மா பொறந்தா?"

"அவ தலப்பிரசவமில்ல? புளியஞ்சோலப் பக்கம் எங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கிருந்து கீழ பெரிய ஆசுபத்திரிக்கு. அவளுக்கு எல்லாம் எழுதியிருக்கும். நீதான் இங்கயே."

நான் கிட்டத்தட்டக் குதித்தேன். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறும் வழக்கத்தால் அக்காவுக்கு உண்மையான தேதி இருக்கிறது. காதுகுத்தால் இடைவெளி இருக்கிறது. எங்கள் தொழிலிலும் இதேதான். ஒரு கேலக்ஸிக்கு இத்தனை வயது என்று தனியாகச் சொன்னால் பிசகும். இது அதைவிட இவ்வளவு இளையது என்பதை நம்பலாம். பக்கத்தில் வயது தெரிந்த ஒன்று இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குப் போய்விடலாம். எனக்கு அக்கா இருக்கிறாள்.

அப்பா வாசலில் படுதா விரித்து மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் மிளகைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"வேண்டாஞ் சாமி."

"ஏம்ப்பா?"

"மூத்தவளுக்குப் பதினெட்டு ஆச்சுன்னு சொல்லித்தானே கலியாணம் பண்ணுனது? அன்னைக்கு ஆபீசருங்க ஊட்டுக்கு வந்து கேட்டாங்க. பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்டக் காட்டுனோம், போயிட்டாங்க. ஆசுபத்திரிக் கணக்குப்படி அவளுக்கு அப்பப் பதினேழு. அத நானே எடுத்துக் குடுத்து, நாந்தான் தகப்பன்னு கையெழுத்தும் போடறதா?"

"அத்தன வருசத்துக்கு முந்தி நடந்தத எவன் இப்பக் கூட்டிக் கழிச்சுப் பாக்கப்போறான்?"

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "நீ பாப்பயில்ல? உன்னாட்டம் ஒருத்தன் அங்கயும் உக்காந்திருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு ஒன்றரை வருஷத்தை ஏற்றிவிட்டு, அக்காவை ஒரு வருஷம் முன்னாலேயே கட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது மிளகு புரட்டுகிறார். அதை அப்படியே சொல்லியும்விட்டேன். அம்மா உள்ளேயிருந்து, "பெரிய மனுசி, ஆவுன்னா கத்தாத" என்றாள்.

அக்கா இருப்பது மலையடிவாரத்து ஊர் ஒன்றில். அவள் கணவருக்கு லாரிப் பட்டறையில் வேலை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் காலை பஸ்ஸில் இறங்கினேன். அக்கா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரு வருசமா? அங்க குளிருமா?"

"மலை உச்சி. குளிரும்."

"நம்முளுக்கு மலையும் புதுசில்ல, குளிரும் புதுசில்ல. போயிட்டு வா." கையை முந்தானையில் துடைத்தாள். "எங்க, பேப்பர் கொண்டாந்தயா? எதுல கையெழுத்துப் போடோணும்?"

"அப்பா வேண்டாங்கறாரு. உனக்கும் மாமாவுக்கும் தொந்தரவு வருமாம்."

"அவரு கெடக்கறாரு. உன்னப் பள்ளிக்கூடத்துல சேத்ததே நாந்தான். நான் அழுகாம இருந்திருந்தா நீ ஒழுங்கா ரெண்டு வருசங் கழிச்சுச் சேந்திருப்ப." சிரித்தாள். "கொண்டா."

அந்த நேரம் வாசலில் வண்டிச் சத்தம். மாமா எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, விஞ்ஞானி! என்ன திடீர்னு? ஏதாச்சும் விசேசமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்கோணும்னு வந்தா" என்றாள். குரல் மாறவே இல்லை. ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாவுக் கை, இறுக்கிப் பிடித்த பிடி. மாமா உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு, "கறி எடுத்துட்டு வரட்டுமா? இருந்து சாப்புட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பும் வரைக்கும் அவள் விடவில்லை.

கையெழுத்துப் போடுவாள். கேட்டால் இன்றைக்கும் போடுவாள். அவரிடம் சொல்லத்தான் பயம். பதினேழு வயதுப் பெண்ணைக் கட்டியவர் என்று கணவர் பேரில் ஒரு வழக்கு வந்தால் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்பதை அந்த மணிக்கட்டுப் பிடியில் தெரிந்துகொண்டேன். கறி வரும்வரை இருக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் மெச்ச வேண்டாம். விட்டுக்கொடுப்பவர்களுக்கு மனம் லேசாகுமாம், எனக்கு ஆகவில்லை. கொண்டைஊசி வளைவுகள் முழுக்க ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஜன்னல் வழியாக மழை பார்த்த தலைமையாசிரியரை. தலையைச் சாய்த்துக் கொடுத்த அப்பாவை. கறி எடுத்து வரட்டுமா என்று கேட்ட மாமாவைக்கூட. அக்காவைத் திட்ட முடியவில்லை என்பதுதான் அதிகம் எரிந்தது.

விண்ணப்பத்தின் கடைசி நாள் செம்மேட்டில் சந்தை. வழக்கமான கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பிறந்த தேதி கேட்டது. காதுகுத்தைக் கணக்குப் பண்ணி வந்த தேதியை அடித்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக. கணினி ஒரு நொடி யோசித்தது. இருபத்தைந்து என்று பச்சை எழுத்தில் காட்டி, தகுதி உண்டு என்று அடுத்த பக்கத்தைத் திறந்துவிட்டது. என் உண்மையான வயதை எழுத்தில் பார்த்தது அந்த ஒரே தடவைதான். அடுத்த பக்கத்தில், பிறந்த தேதி உள்ள பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தைக் கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டேன். வெளியே பலாப்பழம் விற்கிறவர், சுளை எடுத்துப் பார் கண்ணு என்று கூப்பிட்டார். பசிக்கவில்லை.

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன், அக்காவின் கல்யாணத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் வானாய்வகத்துக்கு எழுதிக் கேட்டார். பாஸ்போர்ட்டில் உள்ளதே வயது என்று பதில் வந்தது. "என்னம்மா செய்யறது? நம்ம கேலக்ஸிக்கு இருநூறு கோடி வருஷம் முன்ன பின்ன இருந்தா ஒத்துக்கறாங்க, உனக்கு ஒன்றரை வருஷம் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

என் இடத்துக்கு அவருடைய இன்னொரு மாணவன் தேர்வானான். "உன் சின்ன கேலக்ஸிகளையும் அவன்கிட்டக் குடுத்து விடட்டுமா? பார்த்துட்டு வரட்டும்" என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். கொடுக்காமல் வைத்து என்ன செய்வது? பாறையில் உட்கார்ந்து வெறுங்கண்ணாலா பார்க்க முடியும்?

அவன் பார்த்து அனுப்பிவிட்டான். நான் சொன்னது சரிதான், இளசுகள். வலையின் மேல்பக்கம், கண்கள் அகன்று கிடக்கும் இடத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்தன. கட்டுரையில் அவன் பெயருக்குப் பின்னால் என் பெயர் வருமாம்.

இதை எழுதலாமா என்று அக்காவைக் கேட்டேன். "எம் பேரு ஊரு போடாம எழுதிக்க. எங்கூட்டுக்காரரு எங்க படிக்கறாரு" என்றாள். மாமா படிக்க மாட்டார்தான். இருந்தாலும் இதில் யார் பெயரும் இல்லை, எந்த வருஷமும் இல்லை.

வானாய்வகத்தின் பதில் வந்த அன்று மாலை, அப்பா என் முகத்தைப் பார்க்காமல் மிளகை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போனாப் போகுது கண்ணு. வருசம் எங்க ஓடியா போயிரும்? வார வருசம் போட்டுக்கலாம்."

அடுத்த வருஷம் எனக்கு இன்னும் ஒரு வயது கூடியிருக்கும், இரண்டு கணக்கிலும். வீட்டு வயதுப்படியும் நான் அந்த வரம்பைத் தாண்டியிருப்பேன். அதை அம்மாவுக்கு விளக்க வாயெடுத்தேன். பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு மூட்டையின் வாயைப் பிரித்துப் பிடிக்கப் போனேன்.